வாயாடியின் வலது கை

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் பிறவியிலேயே காது கேளாத அவளுடைய அண்ணன். ஐந்து விரல்களையும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பறவையின் அலகு போலத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அவள் பெயர். நாலு வயதில் வைத்த பெயர் ஐம்பத்திரண்டு வயதிலும் விட்டபாடில்லை. காது கேளாதோர் சங்கத்தில் அவளுடைய உண்மைப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அலகைத் திறந்து மூடிக் காட்டினால் போதும், அவள் எந்த மூலையில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தாலும் அங்கே கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிடுவார்கள்.

சைகை மொழிபெயர்ப்புதான் அவளுடைய வேலை. முப்பது வருடமாக மருத்துவமனை, பள்ளிக்கூடம், காவல் நிலையம், விசாரணை அறை என்று ஓடிக்கொண்டிருந்தாள். காது கேளாதவர் கையால் சொல்வதை இவள் வாயால் சொல்வாள். காது கேட்பவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். அவர்கள் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே நாளில் காலையில் கர்ப்பிணியாகவும் மதியம் வாடகை தராதவனாகவும் சாயந்திரம் கணக்கில் கோட்டைவிட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருந்துவிட்டு வீடு வந்து சேர்வாள்.

அந்தக் கையில்தான் ஒன்றரை வருடமாக எறும்பு ஊறிக்கொண்டிருந்தது. வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகும். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, வெப்பமானியை உதறுவதுபோலக் கையை உதறுவாள். பேருந்து ஓட்டுநரான அவளுடைய கணவர், டாக்டரைப் பார் பார் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போனார். அவள் ஆகட்டும் ஆகட்டும் என்று தைலம் தேய்த்தாள், மணிக்கட்டில் பட்டை கட்டினாள், பட்டை கட்டிய கையோடு வேலைக்கும் போனாள். சட்டைப் பொத்தானைப் போடக் கணவரைக் கூப்பிட வேண்டிய நிலை வந்தபோதும் அவரிடம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு நகர்ந்தாள்.

விஷயம் முற்றியது ஒரு விசாரணை அறையில்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நீராவி இஸ்திரி எந்திரத்தில் வேலை செய்யும் ஒரு பெண், பிறவியிலேயே காது கேளாதவள். அவள் கவனக்குறைவால்தான் பக்கத்தில் நின்ற ஒருத்திக்குக் கை வெந்தது என்று நிர்வாகம் அவளை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த விசாரணை நாள் அது. இஸ்திரிக்காரி சாட்சி சொல்ல, வாயாடி மொழிபெயர்த்தாள். மூன்று மணி நேரம் இடைவெளி இல்லாமல் ஓடியது. கடைசியில் நிர்வாகத்தின் வக்கீல் எழுந்து, “சம்பவம் நடந்தப்ப நீங்க மூணாவது எந்திரத்துல நின்னீங்களா?” என்று கேட்டார். அவர்களுடைய சைகையில் மூன்று என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் விரிந்து நிற்க வேண்டும். வாயாடி கையைத் தூக்கினாள். இஸ்திரிக்காரி ஒரு கணம் குழம்பிவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். எழுத்து மூலம் தந்த வாக்குமூலத்தில் மூன்றாவது எந்திரம் என்று இருக்கிறதே, எது பொய் என்று பிடித்துக்கொண்டார். வாயாடி குனிந்து தன் கையைப் பார்த்தாள். இரண்டு விரல்தான் நின்றுகொண்டிருந்தது. கட்டைவிரல் துவண்டு உள்ளங்கைக்குள் படுத்திருந்தது. அது மடிந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த விரல் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அறையில் சைகை தெரிந்தவர்கள் இரண்டே பேர். கேள்வியை இன்னொரு தரம் கேட்டுச் சாமர்த்தியமாகச் சமாளித்திருக்கலாம். அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, இது மொழிபெயர்ப்பாளரா நான் சொல்றது. தப்பு சாட்சியோடது இல்ல, என்னோடது. மூணுன்னு கேக்க வேண்டியத ரெண்டுன்னு கேட்டுட்டேன். என் கைக்கு உணர்ச்சி இல்ல.”

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வக்கீல் விடுவாரா? இதற்கு முன்னால் எத்தனை கேள்வியில் விரல் மடிந்ததோ யார் கண்டது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அன்றைய சாட்சியம் முழுவதும் தள்ளி வைக்கப்பட்டது. ஏழு வாரம் கழித்துப் புதிதாகத் தொடங்கலாம், வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொன்னார்.

வெளியே நடைபாதையில் இஸ்திரிக்காரி அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் காத்திருந்தது, மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாட்சி சொன்னது, எல்லாம் மண். அவள் கைகள் காற்றை அறைந்தன. போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வாயாடி ஒன்றும் மறுக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஓய்ந்ததும் இஸ்திரிக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“வேற ஆள் எனக்கு வேணாம். கையைச் சரி பண்ணிட்டு நீங்களே வாங்க.”

*

மறுநாளே அவள் மருத்துவமனையில் இருந்தாள். நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள்; சுண்டுவிரல் துள்ளியது, நடுவிரல் சோம்பேறிபோல நின்று நிதானித்து அசைந்தது. கை டாக்டர் அவள் மகள் வயதுப் பெண். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதன் மேலே ஒரு தசைநார் கூரைபோல மூடியிருக்கிறது, உள்ளே நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, அந்தக் கூரையை வெட்டி வழிவிட வேண்டும் என்று விளக்கினாள். கட்டைவிரலின் அடிச்சதை இப்போதே வற்ற ஆரம்பித்துவிட்டது என்று இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இனியும் தள்ளிப் போட்டால் போனது திரும்பாது என்றாள்.

“ஏழு வாரத்துல நான் பேசணும் டாக்டர்.”

“பேசறதுக்கு என்ன? இன்னைக்கே பேசலாமே.”

வாயாடி தன் வேலையைச் சொன்னாள். டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம், அசைக்கத்தான் வேண்டும். ஆனால் அழுத்தமும் பளுவும் கூடாது. முழு வலு வர மூன்று மாதம்கூட ஆகலாம். ஏழு வாரத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். “வாக்கு நான் குடுத்துக்கறேன். நீங்க வெட்டிக் குடுங்க” என்றாள் வாயாடி. ஐந்தாம் நாள் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது.

கணவருக்குப் பயம். முப்பது வருடம் உழைத்தது போதும், இதோடு விட்டுவிடேன் என்று சாப்பாட்டு மேசையில் மெல்ல ஆரம்பித்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவிட்டு, பிறகு கேட்டாள்: உங்களுக்குக் கால் மரத்துப் போனால் வண்டியை விட்டு இறங்குவீர்களா, காலைச் சரி செய்வீர்களா? அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். அறுவைச் சிகிச்சை அன்றைக்கு அவருக்கு விடுப்புக் கிடைக்காததால், துணைக்கு அண்ணன் வருவதென்று ஏற்பாடாயிற்று.

அண்ணன் தச்சர். கதவும் அலமாரியும் செய்பவர். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கேட்காத காதுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டாமா என்பார். அறுவை அறை வாசல்வரை வந்து, வாயாடியின் வலது கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டு அனுப்பினார்.

உள்ளே கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். உள்ளங்கையில் போட்ட ஊசியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேல் கையில் இறுக்கிய பட்டை குறடு மாதிரிக் கவ்வியது. முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் இருப்பது யாருடைய கையோ என்றிருந்தது. டாக்டர் பேச்சுக் கொடுத்தாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். வாயாடி ஒரே மகள், வெளியூரில் வேலை என்று சொல்ல ஆரம்பித்தாள்.

“அம்மா, வாய் மட்டும் பேசட்டும்” என்றாள் டாக்டர். “கையும் சேர்ந்து பேசுது.”

துணிக்கு அப்பால் விரல்கள் தாமாக ‘மகள்’ என்று சொல்லப் பார்த்திருக்கின்றன. நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். அதற்குப் பிறகு வாயாடி பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ம், ம்ஹூம் என்று மட்டும் பதில் சொன்னாள். கால் மணி நேரத்தில் கூரையை வெட்டியாயிற்று, தோலைத் தைத்தாயிற்று. சப்பாத்திக் கட்டைபோல ஒரு கட்டோடு அவளை வெளியே அனுப்பினார்கள்.

வெளியே நர்ஸ் மடமடவென்று வழிமுறைகளை ஒப்பித்தாள். அண்ணன் புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வாயாடி இடது கையை லேசாக அசைத்தாள்: எல்லாம் நல்லபடி முடிந்தது, போகலாம். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து அளவு குறிக்கும் சிறு நோட்டை எடுத்து, காதுப் பென்சிலையும் உருவி, இரண்டையும் நர்ஸிடம் நீட்டினார். அவள் பொறுமையாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அண்ணன் அதைப் படித்து, நோட்டை மூடி, பையில் வைத்துக்கொண்டார்.

*

அன்று இரவு ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக எறும்பு இல்லாமல் தூங்கினாள். காலையில் வெட்டின இடம் தெறித்தது. ஆனால் நடுவிரல் நுனியால் போர்வையைத் தொட்டபோது அது போர்வை என்று தெரிந்தது. அந்த ஒரு சுகத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டு போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, சொன்னபடி மணிக்கு ஒரு தரம் விரல்களை நீட்டினாள், கொக்கிபோல மடித்தாள், மெல்ல மூடினாள். மூன்று நாள் ஒழுங்காக இருந்தாள். நாலாம் நாள், கணவர் வேலைக்குப் போனதும், ஊறவைத்த துணியைப் பார்த்துக் கை பரபரத்தது. ஒரே ஒரு துண்டுதானே என்று பிழிந்தாள். கட்டு சிவந்தது.

சாயந்திரம் வந்த அண்ணன் புதுக் கட்டிலும் லேசாகக் கசிந்திருந்த சிவப்பைப் பார்த்தார். தையல் பிரியவில்லை, மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்று அவள் இடது கையால் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் நோட்டை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். நர்ஸ் கையெழுத்தில் வரிசையாக இருந்தது: ஒரு குவளைக்கு மேல் பளு தூக்கக் கூடாது, பிழியக் கூடாது, நனைக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் வர வேண்டும், பதின்மூன்றாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். இப்படி ஒன்பது வரி.

“இந்த ஒம்போது வரியையும் நீ எனக்கு என்னன்னு சொன்ன?” என்று கேட்டார் அண்ணன். “எல்லாம் நல்லபடி முடிஞ்சுதுன்னு சொன்ன.”

அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“சின்ன வயசுலேருந்து இப்படித்தான். அப்பா பத்து நிமிஷம் பேசுவாரு. நான் உன்னைப் பாப்பேன். ‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’னு சொல்லுவ. அந்த அப்புறம் இன்னும் வரல.”

வாயாடிக்கு முகம் சுண்டிப் போயிற்று. வெளியில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டாள். வீட்டில் விழுங்கியிருக்கிறாள். விளையாடப் போகும் அவசரத்தில், சண்டையை மறைக்க, சலிப்பில். அவள் அதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சமாதானம் சொல்ல வலது கையைத் தூக்கினாள், கட்டு இடித்தது. இடது கைக்கோ அவ்வளவு பேச்சு வரவில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னாள். செய்தேன். தப்பு.

அண்ணன் நோட்டை மூடினார். கோபம் வடிந்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. அவளுடைய இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் பேச்சு பல் இல்லாத கிழவி மாதிரி இருக்கு. இதை வச்சுக்கிட்டா வக்கீல் முன்னாடி நிக்கப் போற?”

“இல்ல” என்றாள் அவள். “இதைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கப் போறேன்.”

அவளுக்கு அந்தக் கணத்தில்தான் அது தோன்றியது. வலது கை ஏழு வாரத்தில் வராமல் போகலாம். சங்கத்தில் இடதுகைக்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது. நாற்பத்தெட்டு வருடப் பழக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் யாரோ ஒருவருடைய அலமாரிக்குச் செய்துவைத்திருந்த ஆளுயரக் கண்ணாடிக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டுச் சுவரில் சாய்த்தார். சொந்தக்காரர் கேட்கும்வரை இங்கே இருக்கட்டும் என்றார். அன்று முதல் தினமும் சாயந்திரம் அந்த அறை விசாரணை அறை ஆனது. அண்ணன் வக்கீல். கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டுவார்; அவள் இடது கையால் சொல்ல வேண்டும். எழுதியதில் ஒரு சொல் குறைந்தாலும் மேசையைத் தட்டுவார். தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காது என்பதால் தேவைக்கு அதிகமாகவே தட்டுவார். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கணவரோ சமையலை ஏற்றுக்கொண்டார். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு கரண்டி போடுவது அவர் வழக்கமாகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் தையல் பிரித்தார்கள். உள்ளங்கையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. தழும்பின் மேல் தினமும் எண்ணெய் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னார்கள். மேசையில் கை ஊன்றினால் பருக்கைக் கல்லை மிதித்ததுபோல இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு கண்ணாடிக் குவளை நழுவி உடைந்தது; அவள் அதைப் பெருக்கிவிட்டு எவர்சில்வர் குவளைக்கு மாறினாள். நாலாவது வாரம் கட்டைவிரல் சுண்டுவிரலைப் போய்த் தொட்டது. நர்ஸ் எழுதிய ஒன்பது வரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். அந்தத் துண்டுக்குப் பிறகு ஒரு வரியைக்கூட மீறவில்லை.

ஆறாவது வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். வலது கை கால் மணி நேரம் தெளிவாகப் பேசியது. பிறகு கட்டைவிரல் நடுங்கியது. அதற்கு மேல் ஏமாற்றிக்கொள்ள அவள் தயாராக இல்லை. விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள்: முக்கியமாக இடது கையால் மொழிபெயர்ப்பேன், கால் மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும், சங்கத்திலிருந்து இன்னொரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கவனிப்பார், தப்பு என்றால் அங்கேயே நிறுத்துவார். அதிகாரி சம்மதித்துப் பதில் அனுப்பினார்.

*

விசாரணை நாளில் வக்கீல் எதிர்பார்த்தபடியே ஆட்சேபித்தார். இடது கையால் பேசினால் சாட்சிக்குச் சரியாகப் புரியுமா என்று கேட்டார். அதிகாரி சாட்சியையே கேட்கச் சொன்னார். வாயாடி கேட்டாள். இஸ்திரிக்காரி வக்கீலை மேலும் கீழும் பார்த்தாள்.

“புரியுது” என்று அவள் சொன்னதை வாயாடி வாயால் சொன்னாள். “நீங்க எந்தக் கையால எழுதினாலும் நான் படிப்பேன்.”

கேள்விகள் தொடங்கின. முதல் சில நிமிடங்களில் ஒரு சைகை பழைய பழக்கத்தில் வலது பக்கம் ஓடியது; பக்கத்தில் இருந்தவர் விரலை உயர்த்தினார்; அவள் நிறுத்தி, சொல்லி, திருத்தினாள். அதற்குப் பிறகு கை தானாக ஓடத் தொடங்கியது. அந்தக் கேள்வி வந்தபோது அவள் வலது கையைத்தான் தூக்கினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றும் விறைப்பாக நின்றன. கட்டைவிரல் காற்றில் இருப்பதை இந்தத் தடவை அவளால் உணர முடிந்தது.

ஆமாம் என்றாள் இஸ்திரிக்காரி, மூன்றாவது எந்திரத்தில்தான் நின்றேன். பிறகு மிச்சத்தையும் கொட்டினாள். எந்திரத்தின் காப்புத் தகடு பதினோரு நாளாக உடைந்து கிடந்தது. மேற்பார்வையாளரிடம் மூன்று முறை சைகையில் காட்டினாள், ஒரு முறை எழுதியும் கொடுத்தாள். அவர் கம்பியால் கட்டி ஓட்டச் சொன்னார். அன்று கம்பி அறுந்தது. பக்கத்துப் பெண்ணின் கை உள்ளே போனதைப் பார்த்து எந்திரத்தை நிறுத்தியதே தான்தான் என்றாள். கடைசியாக அந்த மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு சைகை செய்தாள்.

வாயாடி ஒரு நொடி தயங்கினாள். சுருக்கமாக ‘பொறுப்பில்லாதவர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவள் நகரவில்லை. அந்தச் சொல்லை அப்படியே, அதே வேகத்தில், அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதிகாரி இருமினார். எழுத்தர் தலை நிமிர்ந்து, இதையும் எழுதவா என்று கேட்டார். எழுதுங்கள் என்றார் அதிகாரி.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. தவறு எந்திரத்தைப் பழுது பார்க்காத நிர்வாகத்தின் மேல். இஸ்திரிக்காரி வேலைக்குத் திரும்பினாள். ஆனால் துணி மடிக்கிற பிரிவில் போட்டுவிட்டார்கள், எந்திரம் கிடைக்கவில்லை. அதற்கும் ஒரு மனு போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் கண்ணாடிக் கதவை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தாமதத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று வாயாடி கேட்டாள். நாற்பது நிமிடம் உட்கார்ந்து, ஒன்று விடாமல், சொந்தக்காரர் முகம் போன போக்கு உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். கடைசிவரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று வாயாடி மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாளர்களை வேலைக்கு அனுப்பும் துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். எந்த மொழிபெயர்ப்பாளரையும் அரை மணிக்கு மேல் தனியாக நிற்க வைக்கக் கூடாது, நீண்ட விசாரணைக்கு இருவர் வேண்டும், கையில் எறும்பு ஊறுகிறது என்று ஒருவர் சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வலது கையால், பேனாவைப் பிடித்து, இரண்டு பக்கம் எழுதினாள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது. அதை அப்படியே விட்டாள். ஒரு மாதமாகியும் பதில் வரவில்லை. அவள் இரண்டாவது கடிதத்தை எழுதி, சங்கத்தில் நாற்பத்தாறு பேரிடம் கையெழுத்து வாங்கி, தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தும்வரை அந்த அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தாள்.